குலமும் காற்றும்: ஷ்னேபெர்க் சுரங்கத்தாரின் சரித்திரம்

ஸாக்ஸனிக்கும் பொஹீமியாவுக்கும் எல்லையாக, இன்றைய ஜெர்மனியையும் செக் நாட்டையும் பிரித்துக்கொண்டு கிடக்கும் ஏர்ட்ஸ்கெபிர்கெ என்ற மலைத்தொடர் உயரத்தினால் பிரசித்தி பெற்றதன்று. அதன் மிக உயர்ந்த சிகரமே 1244 மீட்டர்தான். அந்த மலையின் பெருமையெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருந்தது. வெள்ளி, வெள்ளீயம், கோபால்ட், பிஸ்மத், நிக்கல், கடைசியாக யுரேனியம் என்று, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் அரசர்களும் வணிகர்களும் விஞ்ஞானிகளும் தத்தமக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். வெட்டிக் கொடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தையே நம்பிப் பிழைத்த குடும்பத்தார். மலை அவர்களுக்குக் கூலியைக் கொடுத்தது. கூடவே ஒரு வியாதியையும் கொடுத்தது. அந்த வியாதி நுரையீரல் புற்றுநோய்தான் என்று வைத்திய சாஸ்திரம் கண்டுகொள்ள நானூறு ஆண்டுகள் ஆயின. அது காற்றினால் வந்ததா, பிறவியிலேயே ரத்தத்தில் அமைந்ததா என்ற வழக்குத் தீர இன்னும் முக்கால் நூற்றாண்டு சென்றது. பரம்பரை இயல்பைப் பற்றிய பேச்சு மறுபடியும் வைத்திய உலகில் ஓங்கியிருக்கும் இக்காலத்தில், அந்தப் பழைய வழக்கை ஒருமுறை ஆதியோடந்தமாகப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷ்னேபெர்க் என்ற குன்றில் வெள்ளி கண்டதும், காடாய்க் கிடந்த இடத்தில் சில ஆண்டுகளுக்குள் ஊர் எழுந்தது. 1477இல் அங்கே புனித ஜார்ஜ் சுரங்கத்தில் அகப்பட்ட வெள்ளிக்கட்டி மிகப் பெரிதாக இருந்ததென்றும், ஸாக்ஸனிப் பிரபுவாகிய ஆல்பிரெக்ட் தாமே சுரங்கத்துக்குள் இறங்கி அந்தக் கட்டியையே மேசையாகக் கொண்டு விருந்துண்டார் என்றும் அந்தப் பிரதேசத்தில் ஒரு கதை வழங்குகிறது. 1516இல் மலையின் தென்புறத்தில், யோஆகிம்ஸ்தால் என்ற பள்ளத்தாக்கிலும் வெள்ளி அகப்பட்டது. ஆளரவமற்றுக் கிடந்த அந்தப் பள்ளத்தாக்கில் இருபது ஆண்டுகளுக்குள் சுமார் 18,000 மக்கள் குடியேறிவிட்டார்கள். அங்கே அடிக்கப்பட்ட தாலர் என்னும் வெள்ளி நாணயமே இன்றைய டாலருக்கு மூதாதை. பிரபுக்களின் கஜானாவை நிரப்பிய அந்த வெள்ளியை வெட்டியெடுத்தவன், கொழுப்பு விளக்கின் மங்கிய ஒளியில், மர ஏணிகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, ஈரப் பாறையின்மேல் உட்கார்வதற்காகவும் சரிவுகளில் சறுக்கி இறங்குவதற்காகவும் இடுப்புக்குப் பின்னால் ஒரு தோலைக் கட்டிக்கொண்டு, உளியும் சுத்தியலுமாகப் பகல் முழுவதும் பாறையைக் கொத்தினான். அந்தப் பின்தோலே நாளடைவில் அவன் தொழிலின் சின்னமாகி, திருநாள் ஊர்வலங்களில் அணியும் கௌரவ உடுப்பின் அங்கமாகவும் ஆயிற்று.

அந்த மலைநாட்டில் தொழில் என்பது ஒருவன் தேர்ந்தெடுத்துக்கொள்வது அன்று. பிறக்கும்போதே கூடப் பிறப்பது. பையன்கள் சிறு வயதிலேயே தாதுக் கற்களை உடைத்துத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார்கள். உடம்பில் வலு ஏறியதும் தகப்பனுக்குப் பின்னால் ஏணியில் இறங்கினார்கள். பெண்கள் வீட்டிலிருந்து லேஸ் பின்னிக் குடும்ப வரும்படிக்குக் கைகொடுத்தார்கள். பக்கத்துக் கிராமங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் ஜன்னலோரம் விளக்கு வைப்பது பிற்காலத்தில் அங்கே வேரூன்றிய ஒரு வழக்கம். வீட்டில் ஓர் ஆண் குழந்தை இருந்தால் மெழுகுவர்த்தி ஏந்திய சுரங்கத் தொழிலாளி ஒருவனின் மரப்பொம்மையும், ஒரு பெண் குழந்தை இருந்தால் மெழுகுவர்த்தி ஏந்திய தேவதையின் மரப்பொம்மையும் ஜன்னலில் நிற்கும். குழந்தைகள் எத்தனையோ பொம்மைகளும் அத்தனை. பனி பெய்யும் இரவில் தெருவோடு போகிறவன் அந்த ஒளியைக் கொண்டே அந்த வீட்டில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணிவிடலாம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை சுரங்கத்துக்குள் இறங்கப் போகிறவன் என்பதில் பெற்றோருக்கோ ஊராருக்கோ ஒரு சந்தேகமும் இல்லை. பின்னால் வந்த வழக்கைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தியை மறவாதிருக்க வேண்டும்: அங்கே தகப்பனிடமிருந்து மகனுக்கு ரத்தமும் இறங்கிற்று, தொழிலும் இறங்கிற்று, இரண்டும் ஒரே ஏணியில் இறங்கின.

சுரங்கத்தார் மார்பு நோயால் இளமையிலேயே மடிகிறார்கள் என்பது வெகு காலத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். 1527இல் யோஆகிம்ஸ்தாலில் நகர வைத்தியராக அமர்ந்த கியோர்கியஸ் அக்ரிகோலா, தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் பல ஆண்டுகள் சேகரித்து எழுதிய சுரங்க சாஸ்திர நூல், அவர் காலமான மறு வருஷம், 1556இல், பாஸல் நகரில் அச்சாயிற்று. கார்ப்பேதிய மலைச் சுரங்கங்களை அடுத்த ஊர்களில், கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக நெஞ்சு நோயில் மடிய, ஏழு பேரை மணந்து எழுவரையும் இழந்த பெண்கள் உண்டு என்று அவர் அதில் குறித்திருக்கிறார். முகத்தில் துணித் திரை கட்டிக்கொண்டால் தூசியைத் தடுக்கலாம் என்பதையும், துருத்திகளாலும் விசிறிச் சக்கரங்களாலும் மேலே உள்ள நல்ல காற்றைச் சுரங்கத்துக்குள் செலுத்தும் வகைகளையும் அவர் படங்களோடு விவரித்திருக்கிறார். அவர் காலத்தவரான பாரசெல்ஸஸ் என்ற வைத்தியர் சுரங்கத்தாரின் நோயைப் பற்றியே தனி நூலொன்று எழுதினார். அது அவர் மறைந்த பிறகு, 1567இல் வெளிவந்தது. ஒரு தொழிலின் வியாதியைப் பற்றி மட்டுமே எழுதப்பட்ட முதல் நூல் அதுவே என்பார்கள். மலைப் பூதங்கள் தரும் தண்டனை என்று பாமரர் நம்பிய நோயை, உலோகங்களின் ஆவியைச் சுவாசிப்பதால் வருவதென்று அவர் சொன்னார். இருவருடைய விவரமும் குறைபாடுடையதுதான்; ஆயினும் இருவர் பார்வையும் சரியான திசையில், காற்றின்மீதே சென்றது.

நாளடைவில் வெள்ளி குறைந்தது. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் நீல வர்ணம் கொடுக்கும் கோபால்ட்டும், அதனோடு பிஸ்மத்தும் நிக்கலும் ஷ்னேபெர்க்கின் ஜீவனமாயின. தாது மாறியதே தவிர நோய் மாறவில்லை. ஊரார் அதற்கு வைத்திருந்த பெயர் மலைநோய் என்பது. சுமார் இருபது ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்த திடமான மனிதன், நாற்பது வயதை ஒட்டி, ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்குவதை உணர்வான். பிறகு மார்பில் குத்தும் வலி, ஓயாத இருமல், சளியில் ரத்தம். உடம்பு உருகி, தோள் எலும்பு தெரிய, சில மாதங்களில் படுத்த படுக்கையாகிப் போய்விடுவான். க்ஷயரோகம் என்றுதான் பலர் எண்ணினார்கள். அவன் தகப்பனும் அப்படியே போயிருப்பான், தாத்தாவும் அப்படியே.

1879இல் ஹெர்ட்டிங் என்ற சுரங்க வைத்தியரும், அந்த ஜில்லாவின் அரசாங்க வைத்தியராக இருந்த வால்ட்டர் ஹெஸ்ஸேயும், இறந்த சுரங்கத்தாரின் உடல்களை அறுத்துச் சோதித்தும், மரணக் கணக்குகளைத் திரட்டியும் எழுதிய நீண்ட அறிக்கை ஒன்று வெளிவந்தது. ஷ்னேபெர்க் சுரங்கங்களில் உழைத்தவர்களுள் இறந்தோரில் நூற்றுக்கு 75 பேர் வரை நுரையீரலில் வளர்ந்த புற்றினாலேயே இறந்தார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. நுரையீரல் புற்று என்பது அக்காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளின் வைத்தியர்கள்கூட ஆயுளில் சிலதரமே கண்டிருக்கக்கூடிய அபூர்வ வியாதி என்பதை நினைத்தால், இந்த முடிவு எவ்வளவு திகைப்பை உண்டாக்கியிருக்கும் என்பது விளங்கும். இந்த ஹெஸ்ஸேதான் பின்னர் பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆராய்ச்சிசாலையில் பணி செய்தவர். கிருமிகளை வளர்ப்பதற்கு அகர் என்ற கடற்பாசிக் கூழை உபயோகிக்கலாம் என்று உலகுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய மனைவி ஃபான்னி. கட்டியின் இயல்பைப் பற்றி ஹெர்ட்டிங்குக்கும் ஹெஸ்ஸேக்கும் இருந்த குழப்பத்தை 1913இல் ஆர்ன்ஷ்டைன் என்பவர் தீர்த்து, அது சுவாசக் குழாயின் உட்தோலிலேயே தோன்றும் புற்று என்று ஊர்ஜிதம் செய்தார்.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஹேது இன்னதென்று தெரியவில்லை. தாதுவோடு கலந்திருந்த ஆர்ஸெனிக் என்ற பாஷாணத்தைச் சிலர் குற்றம் சாட்டினார்கள். கூரிய கல்தூசியைச் சிலர். ஈரத்தையும் பூஞ்சைக் காளானையும் சிலர். இவற்றோடு சேர்ந்து இன்னோர் அபிப்பிராயமும் தலையெடுத்தது: இந்த மக்கள் பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டவர்கள், தகப்பன், மகன், பேரன் என்று ஒரே வீட்டில் நோய் தொடர்வதைப் பார்த்தால், இது இவர்கள் குலத்தில் ஊறிய பலவீனமாக இருக்கலாம் அல்லவா என்பது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் வாதம் இது. சில குடும்பங்களில் ஒரு நோய் அடிக்கடி வருமானால் பரம்பரையைச் சந்தேகிப்பது வைத்திய மரபுதான். ஆனால் நான் முன்னே சொன்ன செய்தியை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். மகன் தகப்பனிடமிருந்து உடலமைப்பைப் பெற்ற அதே வீட்டில்தான் அவன் தொழிலையும் பெற்றான். ஆகையால் குடும்பத்தில் நோய் தொடர்கிறது என்ற ஒரு சான்று குலத்துக்கும் சுரங்கத்துக்கும் ஒருங்கே பொருந்தும். அந்த ஊருக்குள்ளேயே எத்தனை காலம் ஆராய்ந்தாலும் இரண்டையும் பிரிப்பது அரிது. வேற்றுக் குலத்தார் அந்தக் காற்றைச் சுவாசித்தால்தான் உண்மை தெரியும்.

இதற்கிடையில் காற்றைப் பற்றிய ரகசியம் வேறொரு வழியாக வெளிவந்துகொண்டிருந்தது. ஏர்ட்ஸ்கெபிர்கெச் சுரங்கங்களில் வெள்ளியைத் தேடியவர்கள் வேண்டாத சரக்கென்று ஒதுக்கிய பிட்ச்பிளெண்ட் என்ற கனத்த கரிய கல்லிலிருந்துதான் 1789இல் கிளாப்ரோத் யுரேனியத்தைக் கண்டறிந்தார்; யோஆகிம்ஸ்தாலிலிருந்து வந்த அந்தக் கல்லின் கழிவை மூட்டை மூட்டையாக வாங்கிக் காய்ச்சித்தான் கியூரி தம்பதிகள், 1898இல் தாங்கள் அறிவித்த ரேடியத்தைப் பிரித்தெடுத்தார்கள். ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பாறை வெடிப்புகளிலிருந்தும் சுரங்க நீரிலிருந்தும் கசிந்து, காற்றோட்டமற்ற குகைகளில் தேங்கும். அக்காலத்தில் ரேடியத்தின்மேல் உலகத்துக்கு இருந்த மோகத்தில், 1906இல் யோஆகிம்ஸ்தாலிலேயே ரேடான் கலந்த ஊற்றுநீரில் நோயாளிகளைக் குளிப்பாட்டும் ஸ்நான வைத்தியசாலை ஏற்பட்டது. தூரத்துச் சீமான்கள் ஆரோக்கியத்தை நாடி அந்த நீரில் இறங்கினார்கள். அந்த ஊர்ச் சுரங்கத்தானோ அதே வாயுவை ஆயுள் முழுவதும் சுவாசித்து மடிந்துகொண்டிருந்தான்.

1921இல் மார்கரெட்டெ ஊலிக் என்ற பெண் ஆராய்ச்சியாளர், ஷ்னேபெர்க் நோய்க்கு ரேடியத்தின் இந்த வாயு காரணமாகலாம் என்று எழுதினார். 1924இல் லூடெவிக், லோரென்ஸர் என்ற இருவர் சுரங்கக் காற்றில் ரேடான் மிகுந்திருப்பதை அளந்து காட்டி அதே சந்தேகத்தை வலியுறுத்தினார்கள். 1925இல் ஜெர்மன் அரசாங்கம் நஷ்டஈட்டுக்குரிய தொழில் வியாதிகளை முதன்முறையாகப் பட்டியலிட்டபோது ஷ்னேபெர்க் நுரையீரல் நோயும் அதில் இடம்பெற்றது. மலையின் மறுபுறத்தில், 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் இறந்த யோஆகிம்ஸ்தால் சுரங்கத்தார் 19 பேரில் 13 பேர் உடலைப் பீர்ஹான், ஷிக்ல் என்ற செக் வைத்தியர்கள் அறுத்துப் பார்த்து, ஒன்பது பேர் நுரையீரல் புற்றினால் இறந்ததை 1932இல் வெளியிட்டார்கள். மலைக்கு இருபுறமும் வெவ்வேறு தாதுவை வெட்டிய இரு ஊர்களிலும் ஒரே நோய். இரு ஊர்க் காற்றிலும் ரேடான். வழக்கு இங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. 1944இல் எகோன் லோரென்ஸ் என்ற அறிஞர், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, அதுவரை வந்த சான்றுகளையெல்லாம் மிக்க கவனத்தோடு பரிசீலித்து ஒரு கட்டுரை எழுதினார். சுரங்கத்தில் அளக்கப்பட்ட ரேடானின் அளவைக் கொண்டு கணக்கிட்டால், நுரையீரலில் படும் கதிர்வீச்சு இத்தனை புற்றை உண்டாக்கப் போதாது என்று அவருக்குத் தோன்றிற்று. ஆகவே ரேடான் ஒன்றையே காரணமாகக் கொள்வதற்கில்லை என்றும், தூசியையும் நாட்பட்ட மார்பு நோய்களையும் அந்த மக்களின் பரம்பரை இயல்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் அவர் முடிவு செய்தார். யோக்கியமான விஞ்ஞானி ஒருவர் தமக்குக் கிடைத்த கணக்கை வைத்துச் சொன்ன முடிவு அது. அவர்மேல் பழி சொல்வது தருமம் ஆகாது. ஆனால் அந்தக் கட்டுரை வெளிவந்த காலம் பொல்லாத காலம். மறு வருஷமே அணுகுண்டு வெடித்தது. வல்லரசுகள் யுரேனியத்துக்காகப் பூமியைக் குடையத் தொடங்கின. சுரங்கக் காற்றைச் சுத்தப்படுத்தச் செலவிட மனமில்லாதவர்களுக்கு, காரணம் இன்னும் நிச்சயமாகவில்லை என்ற சொல்லைவிடச் சௌகரியமான சொல் வேறு கிடைத்திருக்க முடியாது.

கணக்கில் எங்கே குறை நேர்ந்தது என்பதை 1951இல் வில்லியம் பேல் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டார். ரேடான் வாயுவாகையால் உள்ளே போனபடியே பெரும்பாலும் வெளியே வந்துவிடும். தீங்கு அதன் சந்ததியில் இருக்கிறது. ரேடானில் பாதி 3.8 நாளில் சிதைந்து, பொலோனியம் முதலிய உலோக அணுக்களாக மாறுகிறது. வாயுவல்லாத இந்த அணுக்கள் காற்றிலுள்ள நுண்ணிய தூசியில் ஒட்டிக்கொண்டு, மூச்சோடு உள்ளே சென்று, சுவாசக் குழாய் இரண்டாகக் கிளைக்கும் இடங்களில் படிந்துவிடுகின்றன. அங்கிருந்து அவை வீசும் ஆல்ஃபா கதிர் வெகுதூரம் பாய்வதில்லை. ஆனால் பாயும் சிறு தூரத்துக்குள், குழாயின் உட்தோலில் வளர்ந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்கி, அவற்றின் மரபுச் சரட்டின் இரு இழைகளையும் ஒருங்கே அறுத்துவிடுகிறது. வாயுவை மட்டும் கணக்கிட்டவர்களுக்குக் கதிர்வீச்சு சொற்பமாகத் தெரிந்தது. சந்ததியையும் சேர்த்தபோது அது பலமடங்காயிற்று. குலத்தின் பலவீனத்தைக் கொண்டு நிரப்ப வேண்டிய இடைவெளியே அங்கில்லை என்பது தெளிவாயிற்று.

ஆனாலும் நேர்ச் சான்று மனிதர்களின் உயிரைக் கொண்டே எழுதப்பட்டது. யுத்தம் முடிந்ததும் சோவியத் ராணுவம் ஸாக்ஸனிச் சுரங்கங்களைக் கைக்கொண்டு, விஸ்முத் என்ற பெயரில் மாபெரும் யுரேனிய நிறுவனத்தை அமைத்தது. 1990 வரை அங்கே உழைத்தவர்கள் சுமார் 4,00,000 பேர். வெட்டியெடுத்த யுரேனியம் சுமார் 2,31,000 டன். இவர்கள் எல்லாரும் பழைய சுரங்கக் குடிகள் அல்லர். சைலீசியாவிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் விரட்டப்பட்டு வந்த அகதிகள், சிறையிலிருந்து மீண்ட போர்வீரர்கள், தொழில் இலாகா பலவந்தமாக அனுப்பிய இளைஞர்கள் என்று, ஷ்னேபெர்க் குலத்தோடு யாதொரு ரத்த சம்பந்தமும் இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இறங்கினார்கள். முதல் பத்தாண்டுகளில் தண்ணீர் விடாமல் உலர்ந்த பாறையைத் துளைத்தார்கள்; காற்றோட்டத்துக்கு ஏற்பாடு மிக அற்பம். ஒருவன் துளைக்கும்போது பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாத அளவுக்குத் தூசி. பலன் என்ன? கிழக்கு ஜெர்மனி அரசாங்கமே தொழிலால் வந்த நுரையீரல் புற்றென்று ஒப்புக்கொண்டவர்கள் ஐயாயிரத்துக்கும் அதிகம். பிற்பாடு அந்தத் தொழிலாளரில் சுமார் 59,000 பேரின் வாழ்வையும் சாவையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தபோது, ஒருவன் சுவாசித்த ரேடானின் மொத்த அளவு ஏற ஏறப் புற்றுநோயும் படிப்படியாக ஏறுவது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. ஈரத் துளைப்பும் காற்றோட்டமும் வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அது இறங்கிற்று.

அட்லாண்டிக்குக்கு அப்பால், அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில், நவஹோ என்ற ஆதிக்குடியினரும் அதே யுரேனியத்தை வெட்டினார்கள். ஐரோப்பியரோடு குலத் தொடர்பு சிறிதுமற்றவர்கள் அவர்கள். அவர்களில் சிகரெட்டுப் பிடிப்போர் சொற்பம். நுரையீரல் புற்று அவர்களிடையே மிக அபூர்வம். 1950இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகா அந்தச் சுரங்கத்தாரைப் பரிசோதிக்கத் தொடங்கிற்று. ஆயினும் காத்திருக்கும் ஆபத்தை அவர்களிடம் ஒருவரும் தெளிவாக எடுத்துச் சொல்லவில்லை. 1982இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நுரையீரல் புற்றுற்ற நவஹோ ஆண்கள் 17 பேரைப் பற்றி விசாரித்தபோது, அவர்களில் 16 பேர் யுரேனியச் சுரங்கத்தில் உழைத்தவர்கள் என்று தெரிந்தது. குலம் வேறு, தேசம் வேறு, உணவு வேறு. காற்று ஒன்று, நோயும் ஒன்று. 1967இல்தான் சுரங்கக் காற்றில் ரேடான் சந்ததி எவ்வளவு இருக்கலாம் என்று அமெரிக்க மத்திய அரசாங்கம் வரம்பு விதித்தது. 1990இல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தபோது, அதைப் பெறுவதற்குப் பல வீடுகளில் விதவைகளே மிஞ்சியிருந்தார்கள்.

குலத்தைச் சாட்சிக்கு அழைக்கும் இந்த வாதம் சுரங்கத்தோடு நிற்கவில்லை. 1950இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை லண்டன் ஆஸ்பத்திரிகளில் நிரூபித்தபோது, புள்ளியியலிலும் மரபியலிலும் ஈடற்ற மேதையான ரொனால்ட் ஃபிஷர் அதை மறுத்து எழுந்தார். சிகரெட்டின்மேல் ஆசையை உண்டாக்கும் பிறவி இயல்பே புற்றுநோயையும் உண்டாக்கலாம், புகை வெறும் உடன்நிகழ்ச்சியாக இருக்கலாம் என்பது 1957, 1958 ஆகிய ஆண்டுகளில் அவர் வாதித்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர் புகைப் பழக்கத்திலும் ஒத்திருப்பதை அவர் சான்று காட்டினார். அப்போது அவர் புகையிலைத் தொழிலதிபர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அப்படியொரு பிறவி இயல்பு மட்டுமே காரணமாக வேண்டுமானால், அது புகைப்போரிடம் புகைக்காதோரைவிட ஒன்பது மடங்கு மிகுந்திருக்க வேண்டுமென்று 1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டுக் காட்டினார்கள். பின்னாளில் ஃபின்லாந்தில், இரட்டையருள் ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காத ஜோடிகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்தபோது, முன்னால் மாண்டவர் பெரும்பாலும் புகைத்தவராகவே இருந்தார்.

இவ்வளவையும் கொண்டு, பரம்பரைக்கு இந்த நோயில் பங்கே இல்லை என்று சொல்லிவிட்டால் அதுவும் சத்தியத்துக்கு விரோதமாகும். நுரையீரல் புற்று வந்தவரின் நெருங்கிய உறவினரிடம் அந்த நோய் சற்று மிகுந்திருப்பதை 1963இல் டொகுஹாடா, லிலியன்ஃபெல்ட் என்ற ஆராய்ச்சியாளர் இருவர் புகைப் பழக்கத்தையும் கணக்கில் கொண்டே காட்டினார்கள். நச்சுப் பொருள்களை உடலிலிருந்து அகற்ற உதவும் ஒரு நொதியை உண்டாக்கும் மரபணு ஐரோப்பியரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இல்லை. 2008 ஏப்ரலில் மூன்று ஆராய்ச்சிக் குழுவினர் ஒரே சமயத்தில், 15ஆம் குரோமோசோமில், நிகோடினை ஏற்றுக்கொள்ளும் புரதங்களுக்கான மரபணுக்கள் உள்ள இடத்தில், ஒரு சிறு வேறுபாட்டைக் கண்டார்கள். தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து அதைப் பெற்றவருக்கு நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 30 பங்கும், இருவரிடமிருந்தும் பெற்றவருக்குச் சுமார் 80 பங்கும் கூடுகிறது. ஒருவகையில் ஃபிஷரின் அனுமானத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்துக் கிடைத்த சான்று இது. புகை பிடிக்கும் தீவிரத்தையும் புற்றையும் ஒருங்கே தொடும் பிறவி வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதே ஆராய்ச்சிகளின் தொடர்ச்சி இன்னொன்றையும் சொல்லிற்று: ஒருகாலும் புகைக்காதவர்களிடம் அந்த வேறுபாட்டின் தீங்கு பெரும்பாலும் தென்படவில்லை. ஈர விறகும் உலர்ந்த விறகும் ஒரே விதமாக எரிவதில்லை என்பது மெய். ஆயினும் நெருப்பு வைக்காதவரை இரண்டும் விறகுதான்.

ஒரு சிறு கணக்கினால் இது இன்னும் விளங்கும். நல்ல காற்றைச் சுவாசிக்கும் ஓர் ஊரில் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு இந்த நோய் வருகிறதென்றும், கெட்ட காற்றைச் சுவாசிக்கும் ஊரில் ஆயிரத்தில் இருநூறு பேருக்கு வருகிறதென்றும் வைத்துக்கொள்வோம். பிறவி வேறுபாடு ஒன்று நூற்றுக்கு 30 பங்கு கூட்டினால், முதல் ஊரில் பத்து பதின்மூன்றாகும். இரண்டாம் ஊரில் இருநூறு இருநூற்றறுபதாகும். பரம்பரை இரண்டு ஊரிலும் ஒன்றே. ஆனால் காற்றைச் சுத்தம் செய்தால் மரபணு பெற்றவனும் பெறாதவனும் ஒருங்கே பிழைப்பார்கள். மரபணுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இருவருமே சாவார்கள். டி.பி.53 போன்ற மரபணுக்களில் பிறவிக் குறைபாடுள்ள அபூர்வக் குடும்பங்கள் சில உண்டு. அவற்றில் பரம்பரையின் கை வலியதுதான். அத்தகைய குடும்பங்களுக்கும் மரபணு ஞானம் செய்யக்கூடிய உபகாரம், முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ளவும், புகையிலையையும் கதிர்வீச்சையும் கூடுதலான கண்டிப்போடு விலக்கவும் வழிகாட்டுவதே.

இங்கே ஓர் அபாயத்தையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பலவீனமான மரபணு உள்ளவனை வேலையிலிருந்து விலக்கிவிட்டு, மற்றவர்களை அதே கெட்ட காற்றில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் முதலாளிகளுக்கு எழுவது கஷ்டமன்று. ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு காற்றுக் குழாய் அமைக்கும் செலவைவிடக் குறைவு. அமெரிக்காவில் 15ஆம் குரோமோசோமின் செய்தி வெளிவந்த மறு மாதமே, 2008 மே மாதத்தில், மரபணுவைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலையோ வைத்தியக் காப்புறுதியோ மறுக்கக் கூடாதென்று சட்டம் இயற்றினார்கள். இத்தகைய சட்டம் எல்லாத் தேசங்களிலும் வர வேண்டும்.

இன்று ஏர்ட்ஸ்கெபிர்கெயின் சுரங்கங்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. 2019இல் மலையின் இருபுறத்துச் சுரங்கப் பிரதேசமும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. அதைக் காணச் செல்பவர்கள் வெள்ளியின் மகிமையையும் கலைத்திறனையும் புகழ்வதோடு நில்லாமல், அங்கே நானூறு ஆண்டுகள் இளமையில் மாண்டவர்களின் கதையையும் கேட்க வேண்டும். அவர்கள் பிறப்பினால் நோயாளிகள் அல்லர். அவர்களுடைய குலத்தில் குறையிருக்கலாம் என்று கருதியவர்கள் காற்றில் இருந்த குறையைக் காணத் தாமதித்தார்கள். ஒரு தொழிலாளியின் குடும்பத்தில் நோய் தொடர்ந்து வருமானால், அவன் வம்சத்தை விசாரிக்கும் முன்பு அவன் சுவாசிக்கும் காற்றை விசாரியுங்கள். அதைச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் மிஞ்சும் நோய்க்கு மரபணுவைக் கேட்கலாம். அப்போது அது சொல்லும் பதில் யாரையும் விலக்குவதற்கு அன்று, யாரை இன்னும் ஜாக்கிரதையாகக் காக்க வேண்டும் என்று அறிவதற்கே பயன்பட வேண்டும்.